சூடான எண்ணெயும் கிணற்றடி எஞ்சினும்

நுழையுமுன்

சமையலறையில் தாளிக்கும் எண்ணெயால் ஓர் எஞ்சினை ஓட்ட முடியுமா? முடியும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இன்று ஏன் எல்லாரும் அவ்வாறு ஓட்டுவதில்லை? இவ்வினாவுக்கான விடையில் பாதி அறிவியல், மீதி வேளாண்மையும் வீட்டுக் கணக்கும். இரண்டையும் இப்பாடத்தில் காண்போம்.

உறைந்த புட்டி

மார்கழி மாதத்துக் காலை. புனே நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறாள் ஒரு சிறுமி. ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே எண்ணெய் வெண்மையாக உறைந்து கிடக்கிறது. பாட்டி அதை வாங்கி, வெந்நீர் நிறைந்த செம்பில் நிறுத்தி வைக்கிறார். சிறிது நேரத்தில் எண்ணெய் தெளிந்து, தாராளமாக ஒழுகுகிறது. சென்னையில் இக்காட்சியை அரிதாகவே காண முடியும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். புனேயிலோ குளிர்கால விடியற்காலைகளில் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

பாட்டி செய்த அந்தச் சிறு செயலே நமது பாடத்தின் மையக் கருத்து. எண்ணெயைச் சூடாக்கினால் அதன் தடிப்புக் குறையும். தடிப்புக் குறைந்த எண்ணெய், டீசல் எஞ்சினுக்குள் டீசலைப் போலவே நுழையும்.

எள்ளின் நெய்

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'எள்' என்னும் சொல்லும் 'நெய்' என்னும் சொல்லும் சேர்ந்து 'எண்ணெய்' ஆயிற்று. ளகர மெய்யும் நகரமும் சந்திக்கும்போது இரண்டும் ணகரமாகத் திரிந்துவிடுகின்றன. ஆகவே எண்ணெய் என்பது முதலில் எள்ளின் நெய்யை, அதாவது இன்று நாம் நல்லெண்ணெய் என்று வழங்குவதை மட்டுமே குறித்தது. பின்னர் அச்சொல் பொருளில் விரிந்து, தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், இலுப்பை எண்ணெய் என்று செடி மரங்களின் நெய்யை எல்லாம் தழுவிக்கொண்டது. நிலத்தின் ஆழத்திலிருந்து எடுத்த எரிநெய் நம் ஊர்களுக்கு வந்தபோது, அதற்கும் புதுப்பெயர் தேடாமல் 'மண்ணெண்ணெய்' என்றே அழைத்தோம். எள்ளுக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை என்று எவரும் தடை சொல்லவில்லை.

தமிழ்நாட்டு உழவர்கள் கிணற்றடியில் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை 'ஆயில் எஞ்சின்' என்பார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் கமலை மாட்டுக்கு ஓய்வு தந்தது அந்த எஞ்சின்தான். அத்தகைய எஞ்சின்களில் பலவற்றின் பிறப்பிடம் புனே நகரின் கட்கி பகுதி ஆகும். 1888-இல் பெல்காமில் மிதிவண்டிக் கடை தொடங்கி, 1910-இல் கிர்லோஸ்கர்வாடியில் தொழிற்சாலை அமைத்தவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர். அவருடைய மகன் சாந்தனுராவ், 1946-இல் கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் வார்த்துக் கடைந்த எஞ்சின்கள் நம் மாநிலத்துக் கிணற்று மேடுகளிலும் அமர்ந்து ஓடின.

காற்றே தீக்குச்சி

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்த ஒரு மின்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது தேவையில்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் மேலெழுந்து நெருக்குகிறது. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்தவர்களுக்கு, அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பகுதி சூடாவது தெரிந்திருக்கும். அதே விளைவு இங்கே பன்மடங்காகிறது. காற்று தன் கொள்ளளவில் பதினாறில் ஒரு பங்காகவோ பதினேழில் ஒரு பங்காகவோ சுருக்கப்படுவதால், அதன் வெப்பநிலை 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நொடியில், தலைமயிர் அளவேயான சில துளைகளின் வழியே எரிபொருள் மிகுந்த அழுத்தத்துடன் பீச்சப்படுகிறது. பீச்சிய பொருள் பனிமூட்டம் போலச் சிதறி, சூடான காற்றைத் தொட்டதும் தானே எரிகிறது. இங்குக் காற்றே தீக்குச்சி.

இதை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இந்த எஞ்சின் 'டீசல்' என்று பெயர் சூட்டிய ஒரு திரவத்தை மட்டுமே கேட்கவில்லை. சூடான காற்றில் எரியக்கூடிய எந்த நெய்யும், பனிமூட்டமாகச் சிதறுமானால், அதற்குப் போதும். டீசல் என்பது உண்மையில் எரிபொருளின் பெயரன்று. எஞ்சினை உருவாக்கிய அறிஞரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர்.

பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை

ஆகஸ்ட் 10 உலக உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1893-இல் அந்த நாளில் டீசல் தமது எஞ்சினை நிலக்கடலை எண்ணெயால் ஓட்டினார் என்று பல நூல்களிலும் பேச்சுகளிலும் சொல்லப்படுவதுண்டு. இது சரியன்று. அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த சோதனையில் பயன்பட்டது பெட்ரோல் வகை எரிபொருள். எஞ்சினும் ஓடவில்லை, அழுத்தம் தாங்காமல் அளவிடும் கருவி வெடித்துச் சிதறியது. அது உயிருக்கே ஆபத்தான சோதனையாக முடிந்திருக்கும். எஞ்சின் செம்மையாக ஓடி, தன் திறனை மெய்ப்பித்தது 1897-இல்தான்.

நிலக்கடலையின் கதை அதற்குப் பின்னர் நடந்தது. 1900-இல் பாரிஸில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஆட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டியது. அந்த எஞ்சின் மண்ணெய்க்காக அமைக்கப்பட்டது. அதில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. எண்ணெய் மாறியதைப் பார்வையாளர்களில் மிகச் சிலரே அறிந்திருந்தனர். இவற்றை டீசலே பின்னர் 1912-இல் எடுத்துரைத்தார். தாவர எண்ணெய்கள் அன்று அற்பமாகத் தோன்றினாலும், காலப்போக்கில் பெட்ரோலியத்துக்கும் நிலக்கரித் தாருக்கும் இணையான இடத்தைப் பெறக்கூடும் என்பது அவருடைய கருத்து.

இந்தச் சோதனையைத் தூண்டியது பிரெஞ்சு அரசு. ஆப்பிரிக்காவில் தன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்தது. வெளியிலிருந்து நிலக்கரியோ மண்ணெண்ணெயோ கொண்டுசெல்லாமல், அங்கேயே விளைவதைக் கொண்டு அங்குள்ள எந்திரங்களை ஓட்டலாம் என்பது அவ்வரசின் எண்ணம். ஆகவே தற்சார்பு என்னும் இனிய சொல் இங்கே முதலில் பேசப்பட்டது உழவனுக்காக அன்று, பேரரசின் வசதிக்காக. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வோம். பாடத்தின் பிற்பகுதியில் மீண்டும் பயன்படும்.

நுண்துளையும் தடித்த எண்ணெயும்

திரவம் ஒழுகுவதற்குக் காட்டும் தயக்கத்தை அறிவியலார் 'பாகுநிலை' என்பர். வெல்லப்பாகு ஒழுகுவதையும் தண்ணீர் ஒழுகுவதையும் ஒப்பிட்டால் பொருள் விளங்கும். இதைச் சென்டிஸ்டோக் என்னும் அலகால் அளப்பர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி 40 டிகிரி வெப்பநிலையில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 வரை இருக்க வேண்டும். அதே வெப்பநிலையில் நிலக்கடலை எண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 40. அதாவது பத்து மடங்கு. குளிர்ந்த காலையில் இந்த வேறுபாடு இன்னும் பெருகும்.

காரணம் மூலக்கூறுகளின் உருவத்தில் உள்ளது. தாவர எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும், கிளிசரால் என்னும் ஒரு காம்பில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலங்கள் தொங்கும் அமைப்புடையது. டீசலின் மூலக்கூறு அதில் ஒரு தொங்கலைவிடப் பெரியதன்று. பெரியவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்வதால் ஒழுக்கு மந்தமாகிறது.

தடித்த எண்ணெயைப் பீச்சினால் என்ன நேரும்? அது பனிமூட்டமாகச் சிதறாது, தூறலாக விழும். பெரிய துளிகள் முழுதும் எரிவதற்குள் உருளையின் சுவரில் மோதும். எரியாமல் எஞ்சியது பீச்சு முனையின் துளைகளைச் சுற்றிக் கரியாகப் படியும். கரி படிந்த முனை இன்னும் மோசமாகப் பீச்சும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் கரியில் சிக்கி ஒட்டிக்கொள்ளும். சுவரில் வழிந்த எண்ணெய் கீழே இறங்கி, எஞ்சினுக்குள் மசகுக்காக ஊற்றியிருக்கும் எண்ணெயுடன் கலந்து அதைக் கூழாக்கிவிடும்.

பொரித்து முடித்த வாணலியின் விளிம்பைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், தேய்த்தாலும் போகாத ஒரு பிசுக்கு அங்கே ஒட்டியிருக்கும். சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகியதால் உண்டானது அது. எஞ்சினுக்குள் நிகழ்வதும் அதுவே. வாணலியையாவது சாம்பலிட்டுத் துலக்கலாம்.

இக்கேடு முதல் நாளிலேயே வெளிப்படாது என்பதுதான் மிகப் பெரிய இடர். குளிர்ந்த தாவர எண்ணெயை ஊற்றினாலும் எஞ்சின் பெரும்பாலும் ஓடவே செய்யும். ஓட்டியவர் மகிழ்ந்து, ஊரெல்லாம் சொல்லுவார். நூறு மணி நேரமோ இருநூறு மணி நேரமோ கழிந்த பின்னரே புகை கறுக்கும், ஆற்றல் குறையும், எஞ்சின் பழுதுபார்ப்பவரிடம் போகும். குறுகிய காலச் சோதனைகள் வெற்றியாகவும் நீண்ட காலச் சோதனைகள் தோல்வியாகவும் முடிந்த வரலாறு உலகெங்கும் உண்டு.

சூடாக்கும் வழி

சூட்டால் இச்சிக்கலின் பெரும்பகுதி தீர்கிறது. நிலக்கடலை எண்ணெயை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் பாகுநிலை 40-லிருந்து 8 அளவுக்கு இறங்கிவிடும். டீசலின் அளவை அது முழுதும் எட்டவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அவினாஷ் குமார் அகர்வாலும் அவருடன் ஆய்ந்தோரும் காட்டாமணக்கு எண்ணெயை இவ்வாறு சோதித்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். 90 முதல் 100 டிகிரி வரை சூடாக்கினால் அவ்வெண்ணெயின் பாகுநிலை டீசலுக்கு அருகே வந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். எண்ணெயைச் சூடாக்க அவர்கள் தனியே அடுப்பு மூட்டவில்லை. எஞ்சினின் புகைக்குழாயில் வீணாக வெளியேறும் வெப்பத்தையே பயன்படுத்தினர்.

ஆனால் இங்கு ஒரு முடிச்சு விழுகிறது. எண்ணெய் சூடாக வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓட வேண்டுமானால் எண்ணெய் சூடாக இருக்க வேண்டும். இம்முடிச்சை அவிழ்க்கும் வழி எளியது. எஞ்சினுக்கு இரண்டு தொட்டிகள் வைப்பர். சிறிய தொட்டியில் டீசல். பெரிய தொட்டியில் தாவர எண்ணெய். டீசலைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பி, சில நிமிடங்கள் ஓடவிடுவர். புகைக்குழாயோ எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோ சூடேறி, அச்சூடு எண்ணெய்க்குப் பரவும். எண்ணெய் போதிய சூட்டை அடைந்த பின் வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றுவர்.

நிறுத்துவதற்கு முன்பு செய்ய வேண்டியதையே பலரும் மறந்துவிடுவர். மீண்டும் டீசலுக்கு மாற்றி, குழாய்களிலும் பீச்சு முனையிலும் தங்கியுள்ள எண்ணெய் முழுதும் எரிந்து தீரும்வரை ஓட்டிய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். மறந்து அணைத்துவிட்டால், உள்ளே எண்ணெய் குளிர்ந்து தடித்துவிடும். மறுநாள் காலையில் எஞ்சின் கிளம்பாது. மார்கழிப் புட்டியின் கதைதான். இங்கு வெந்நீரில் நிறுத்த முடியாது என்பதே வேறுபாடு.

குளிர்விக்கும் நீரால் சூடாக்குவதா, புகைக்குழாயால் சூடாக்குவதா என்பது எஞ்சினைப் பொறுத்தது. கார், லாரி எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குள்ளேயே சுற்றி வருவதால் 80, 90 டிகிரிவரை சூடாகும். அது எண்ணெய்க்கு ஏற்ற மிதமான சூடு. கிணற்றடி எஞ்சின்கள் பலவற்றிலோ, பம்பு இறைக்கும் குளிர்ந்த நீரின் ஒரு பகுதியே எஞ்சினைச் சுற்றிவந்து வெளியே போய்விடுகிறது. அந்த நீர் எண்ணெயைச் சூடாக்கப் போதாது. ஆகவே புகைக்குழாயை நாட வேண்டும். அங்கே வெப்பநிலை 300 டிகிரிக்கு மேலும் செல்லும் என்பதால், எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகாதபடி காக்க வேண்டும்.

சூடு ஒன்றே போதுமா எனில், போதாது. எண்ணெயை முதலில் நன்கு வடிகட்டி, அதில் கலந்துள்ள பிசினையும் நீரையும் நீக்க வேண்டும். எல்லா எண்ணெயும் ஒரு தன்மையது அன்று என்பதையும் அறிய வேண்டும். ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டால் தானே இறுகிப் படலமாகும். ஆகவே அது வண்ணப்பூச்சுக்கு உதவும், எஞ்சினுக்கு உதவாது. சூரியகாந்தி எண்ணெயும் ஓரளவு இறுகும். நிலக்கடலை எண்ணெய் அதைவிடத் தேவலை. தேங்காய் எண்ணெய் இறுகுவதே அரிது; ஆனால் குளிரில் உறையும். ஒன்றில் குணம் இருந்தால் மற்றொன்றில் குறை.

பப்புவா நியூ கினியைச் சேர்ந்த பூகன்வில் தீவு மக்களுக்கு 1990-களில் இத்தேங்காய் எண்ணெயே கைகொடுத்தது. போராட்டத்தின் காரணமாக அரசு அத்தீவை முற்றுகையிட்டது. டீசல் வரத்து நின்றது. தீவில் தென்னைக்குக் குறைவில்லை. மக்கள் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி எடுத்து வண்டிகளை ஓட்டினர். வெப்பம் மிகுந்த தீவு ஆதலால் எண்ணெய் உறையும் கவலை அவர்களுக்கு இல்லை. மார்கழிப் புனேயில் அதைச் செய்ய முடியாது.

எண்ணெயைச் சூடாக்குவதற்கு மாற்றாக, எண்ணெயின் இயல்பையே மாற்றும் வழியும் உண்டு. மெத்தனாலும் ஒரு காரமும் சேர்த்து வினைப்படுத்தினால், மூன்று கொழுப்பு அமிலங்களும் கிளிசரால் காம்பிலிருந்து கழன்றுவிடும். இவ்வாறு கிடைப்பதே 'உயிரி டீசல்'. நூறு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 11 கிலோ மெத்தனால் வேண்டும். பத்துக் கிலோ அளவுக்குக் கிளிசரின் மிஞ்சும். இதனை டீசல் எஞ்சின்களில் எளிதில் பயன்படுத்தலாம். ஆனால் மெத்தனால் நச்சுப்பொருள், எளிதில் தீப்பற்றுவது, தொழிற்சாலையிலிருந்து வாங்க வேண்டியது. சூடாக்கும் முறைக்கு எஞ்சினருகே ஒரு குழாயும் வால்வும் போதும். சிற்றூருக்கு எது ஏற்றது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

புங்கமரத்துக் கணக்கு

நம் நாட்டில் இம்முயற்சி புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பட்டபோது, 1942-இலேயே இந்தியத் தாவர எண்ணெய்களை டீசல் எஞ்சினில் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பிற்காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த உடுப்பி சீனிவாசா, கர்நாடகத்தின் கக்கனஹள்ளி என்னும் சிற்றூரில் புங்க எண்ணெயால் மின்னாக்கி எஞ்சின்களை ஓட்டச் செய்தார். அம்மின்சாரம் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீரை இறைத்தது.

நாம் புங்கு என்பதைக் கன்னடர் ஹொங்கே என்பர். மராத்தியர் கரஞ்ச் என்பர். சாலையோரத்தில் நிழல் தரும் மரம் அது. அதன் எண்ணெய் கசப்பானது, உணவுக்கு ஆகாது. ஆகவே எஞ்சினுக்குக் கொடுத்தால் யாருடைய தட்டிலிருந்தும் பறித்ததாகாது.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ ஒரு கிலோ தாவர எண்ணெய் வேண்டும். டீசலைவிடத் தாவர எண்ணெயின் எரிஆற்றல் எடைக்கு எடை பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், எண்ணெய் சற்று மிகுதியாகவே செலவாகும். நான்கு கிலோ புங்க விதையை ஆட்டினால் ஒரு கிலோ எண்ணெய் கிடைப்பதாகக் கொள்வோம். ஓர் உழவர் ஆண்டில் இருநூறு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் நீர் இறைத்தால் அறுநூறு மணி நேரம் ஆகும். அதற்கு 2,400 கிலோ விதை வேண்டும். ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ விதை தருவதாக வைத்துக்கொண்டால் 120 மரங்கள் தேவை. வரப்பிலும் வேலியிலும் அவற்றை நட இடமிருக்கும் உழவர்கள் சிலரே. ஊரார் கூடினால் இடம் உண்டு. நட்ட மரம் காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதும், உதிர்ந்த காய்களைப் பொறுக்கி உடைக்க ஆள் வேண்டும் என்பதும் இக்கணக்கில் சேரவில்லை. மறுபுறம், எஞ்சும் 1,800 கிலோ பிண்ணாக்கு வயலுக்கு நல்ல உரமாகும். அதையும் சேர்க்கவில்லை.

இப்போது புங்க எண்ணெய்க்குப் பதிலாக நிலக்கடலை எண்ணெயை வைத்துப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பம் மாதம் நான்கு கிலோ சமையல் எண்ணெய் பயன்படுத்துவதாகக் கொண்டால், நான்கு மணி நேரம் பம்பு ஓடுவதற்குள் ஒரு குடும்பத்தின் ஒரு மாத எண்ணெய் எரிந்துபோகும். இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நாடு. டீசலுக்காக அயலாரிடம் கையேந்துவதைத் தவிர்க்க எண்ணி, சமையல் எண்ணெய்க்காகக் கையேந்துவதில் போய் முடியும். 1900-ஆம் ஆண்டின் பாரிஸ் கணக்கு நம் கிணற்றடிக்குப் பொருந்தாதது இதனால்தான்.

உணவுக்கு ஆகாத எண்ணெய் என்னும் காரணத்தால் காட்டாமணக்கின் மீது பெருநம்பிக்கை வைக்கப்பட்டது. 2003-இல் திட்டக்குழுவின் அறிக்கை அதைத் தரிசு நிலங்களில் பெருமளவில் பயிரிடப் பரிந்துரைத்தது. 2009-ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் நூற்றுக்கு இருபது பங்கு கலப்பை இலக்காக அறிவித்தது. இலக்கு எட்டப்படவில்லை. நீரும் உரமும் இல்லாத தரிசில் செடி உயிரோடு நின்றது, காய்க்கத்தான் இல்லை.

பொரித்த எண்ணெய்

எஞ்சியிருப்பது ஒன்று. வடாபாவும் பஜ்ஜியும் பொரித்து முடித்த எண்ணெய். புனேயின் தெருக்களில் இதற்குப் பஞ்சமில்லை. மீண்டும் மீண்டும் சூடாக்கிய எண்ணெய் உடலுக்குத் தீங்கானது. எண்ணெய் கெடும்போது உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக மாற்றும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. இங்கே எஞ்சினுக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும், யாரோ ஒருவரின் வயிற்றுக்குப் போகாமல் தப்பிய லிட்டர்.

இவ்வெண்ணெயையும் வடிகட்டி, நீரை நீக்கி, சூடாக்கிப் பழைய கிணற்றடி எஞ்சினில் எரிக்க இயலும். புதிய கார்களில் இயலாது. கிணற்றடி எஞ்சின் எரிபொருளைப் பீச்சும் அழுத்தம் ஏறத்தாழ 200 பார். இன்றைய கார் எஞ்சின்கள் அதைப்போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு அழுத்தத்தில், இன்னும் நுண்ணிய துளைகளின் வழியே பீச்சுகின்றன. புகையை வடிகட்டும் கருவிகளும் அவற்றில் உண்டு. சிறு மாசும் அவற்றைக் கெடுத்துவிடும்.

நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றின் ஆய்வுக்கூடத்தில் புனேயில் பிறந்த ஒற்றை உருளை கிர்லோஸ்கர் எஞ்சின் ஒன்று நிற்பதைக் காணலாம். 5.2 கிலோவாட் திறன். நிமிடத்துக்கு 1,500 சுற்று. புங்கு, வேம்பு, இலுப்பை, ரப்பர் விதை, பொரித்த எண்ணெய் என்று மாணவர்கள் அதற்குக் கொடுத்துப் பார்க்காத எண்ணெய் இல்லை எனலாம். ஒவ்வொரு குழுவும் முதலில் எழுதிக்கொள்வது அன்றைய எண்ணெயின் வெப்பநிலையை.

சொல்லும் பொருளும்

கமலை – மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அமைப்பு
பாகுநிலை – திரவம் ஒழுகுவதற்குக் காட்டும் தடை
மசகு – உராய்வைக் குறைக்கத் தடவும் எண்ணெய்ப்பொருள்
பிண்ணாக்கு – விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை
தரிசு – பயிரிடப்படாத நிலம்

இலக்கணப் பயிற்சி

எள் + நெய் = எண்ணெய் என்பது போலப் பின்வருவனவற்றைப் பிரித்து எழுதுக: மண்ணெண்ணெய், வெந்நீர், கிணற்றடி, வேப்பெண்ணெய், தீக்குச்சி.

வினாக்கள்

1. டீசல் எஞ்சினில் 'காற்றே தீக்குச்சி' என்று கூறப்படுவது ஏன்?

2. எஞ்சினை அணைப்பதற்கு முன் மீண்டும் டீசலுக்கு மாற்றுவதன் காரணத்தை விளக்குக.

3. புங்க எண்ணெயையும் நிலக்கடலை எண்ணெயையும் எரிபொருளாகப் பயன்படுத்துவதில் உள்ள வேறுபாட்டை, பாடத்தில் உள்ள கணக்கைக் கொண்டு எழுதுக.

4. உங்கள் ஊரில் 40 புங்கமரங்கள் உள்ளன எனக் கொள்க. அவற்றின் எண்ணெயைக் கொண்டு ஐந்து குதிரைத்திறன் எஞ்சினை ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

செயல்பாடு

ஊசி நீக்கிய இரண்டு மருந்துக் குழல்களில் ஒரே அளவு நிலக்கடலை எண்ணெயை நிரப்புக. ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை வெதுவெதுப்பான நீரிலும் பத்து நிமிடம் வைத்திருக்கவும். பின்பு இரண்டையும் செங்குத்தாகப் பிடித்து, எண்ணெய் முழுதும் ஒழுகி முடிய ஆகும் நேரத்தைக் குறித்து அட்டவணைப்படுத்துக. எண்ணெயை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.